கிடைக்கவில்லை என்னும் கூற்று: நூலகத் தேடுகருவிகளும் முதன்மை ஆதாரங்களும்

ஆய்வுச்சுருக்கம்: தமிழ் ஆய்வேடுகளில் முதன்மை ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதப்படும் கூற்று, பெரும்பாலும் ஆதாரத்தின் நிலையைச் சொல்வதில்லை, தேடப்பட்ட முறையையே சொல்கிறது. தாம்பரத்தையும் தென்சென்னைப் புறநகரையும் சார்ந்த சில எடுத்துக்காட்டுகளின்வழி இதனை விளக்கி, தேடலின் வரலாற்றைப் பதிவு செய்வதும் ஆய்வு நெறியின் பகுதியாக வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: நூற்பட்டியல், முதன்மை ஆதாரம், எழுத்துப்பெயர்ப்பு, அபாவம், இதழடைவு, தாம்பரம்

தாம்பரத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பைத் தமிழாய்வாளருக்கு வாய்த்த பேறு எனலாம். கிழக்குத் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் மில்லர் நினைவு நூலகம் உள்ளது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும், தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் நூலகமும் அமைந்துள்ளன. 1886இல் தொடங்கப்பெற்ற அடையாறு நூலகமும், கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் சற்றே வடக்கில் உள்ளன. மாநகரப் பேருந்தில் செல்லும் மாணவர் ஒருவர் ஒரே நாளில் இவற்றுள் இரண்டையேனும் பார்த்துத் திரும்பிவிட முடியும்.

ஆயினும் இவை ஒவ்வொன்றும் தன் நூற்பட்டியலைத் தன் வழியில் அமைத்துள்ளது. ஒரு நூலகத்தின் தேடுபெட்டியில் பலன் தந்த சொல் மற்றொன்றில் வெறுமையைத் தரும். வெறுமையைக் கண்ட ஆய்வாளர் "இப்பொருள் பற்றிய முதன்மை ஆதாரங்கள் கிடைக்கவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த இயலுக்குச் சென்றுவிடுகிறார். அடுத்துவரும் ஆய்வாளர் அவ்வரியையே மேற்கோளாக்குகிறார். பத்தாண்டுகளில் அது வரலாற்றுச் செய்தியாகவே உறைந்துவிடுகிறது. "இத்துறையில் இதுவே முதல் முயற்சி" என்னும் அறிவிப்புகளுள் பல இப்படிப் பிறந்தவையே.

இன்மையைச் சான்றாகக் கொள்ளலாமா என்னும் வினா தமிழ் மரபுக்குப் புதிதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை அளவைகளை எண்ணும்போது அபாவத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. சிவஞானசித்தியாரின் அளவைப் பகுதியும் அதனைக் குறிப்பிடுகிறது. இந்தியத் தருக்க மரபு இவ்வளவைக்கு ஒரு நிபந்தனையை விதித்தது. ஒரு பொருள் அங்கே இருந்திருந்தால் கண்ணுக்குத் தென்பட்டிருக்கும் என்னும் நிலையில் மட்டுமே அது தென்படாமை அதன் இன்மையை நிறுவும். விளக்கில்லாத அறையில் குடத்தைக் காணாதவர் குடம் இல்லை என்று சொல்லும் உரிமையற்றவர். நூற்பட்டியலின் தேடுபெட்டி எவ்வளவு வெளிச்சமுள்ள அறை என்பதே இங்கு முதலில் கேட்கத்தக்கது.

பெயர் தரும் இடர்

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரை (1870–1903) எடுத்துக்கொள்ளலாம். இன்று தமிழுலகம் அவரைப் பரிதிமாற் கலைஞர் என்றே அறியும். பாடநூல்களும் அரசு அறிவிப்புகளும் அப்பெயரையே ஆள்கின்றன. தம் வாழ்நாளில் அவர் அப்பெயரைப் புனைபெயராக ஆண்டது தனிப்பாசுரத்தொகை போன்ற இடங்களில் மட்டுமே. ஏனைய நூல்கள் சூரியநாராயண சாஸ்திரி என்னும் பெயரோடு வெளிவந்தன. எனவே இன்றைய மாணவர் தாம் அறிந்த பெயரை இட்டுத் தேடினால், பிற்கால வாழ்க்கை வரலாறுகளும் நூற்றாண்டு மலர்களும் மறுபதிப்புகளும் வரிசையாக வரும். அவர் காலத்து முதற்பதிப்புகள் பின்தங்கும், அல்லது வாராமலே போகும். துணைமை ஆதாரம் முன்னே வந்து முதன்மை ஆதாரத்தை மறைக்கும் நிலை இது; தேடியவர் தமக்கு நிறையவே கிடைத்ததாக எண்ணி அமைதி கொள்வதால், வெறுமையைவிடத் தீங்கானது.

பழைய பெயரை இட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. சாஸ்திரி, சாஸ்திரியார், சாத்திரியார் எனத் தமிழிலேயே மூன்று வடிவங்கள் உண்டு. உரோமன் எழுத்தில் பதிவு செய்யும் நூலகங்கள் பல, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பின்பற்றுகின்றன. அம்முறை ஒலியை நோக்காது எழுத்தை நோக்குவது. சகர வரிசை முழுவதற்கும் ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தையே அது பயன்படுத்தும். மாணவரோ பத்தொன்பதாம் எழுத்தில் தொடங்குவார். தாம்பரம் என்னும் ஊர்ப்பெயரின் பகரம் அம்முறையில் பதினாறாம் எழுத்தாக இருக்கும். தொடர்வண்டி நிலையப் பலகையிலோ அது இரண்டாம் எழுத்து. ழகரத்தைக் குறிக்க எல் எழுத்தின் கீழ் ஒரு கோடிடுவர். இசட் எழுத்தோடு எச் எழுத்தைச் சேர்த்துத் தேடுவோர்க்கு அது புலப்படாது. இம்முறையைக் குறை கூறுவது பொருந்தாது. எழுத்துக்கு எழுத்து மாறாத ஒழுங்கு அதில் உண்டு. அவ்வொழுங்கை ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம். அந்த ஒரு மணி நேரத்தைத் தமிழ்த்துறைகளின் ஆய்வு நெறிமுறைப் பாடம் ஒதுக்குவதில்லை என்பதுதான் வருந்தத்தக்கது.

ஊர்ப்பெயரும் இவ்வாறே ஏமாற்றும். சூரியநாராயண சாஸ்திரியார் தாம்பரத்தில் பணியாற்றியவர் அல்லர். 1837இல் தோன்றிய அப்பள்ளி கல்லூரியாக வளர்ந்து, ஜார்ஜ் டவுனில் இயங்கி, 1937இல்தான் சேலையூர்க் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அதன் முதல் நூறாண்டுக்குரிய ஆதாரங்களைத் தாம்பரம் என்னும் சொல்லால் தேடுவது வீண் முயற்சி. அயல்நாட்டுப் பட்டியல்களில் அச்சொல்லை இட்டால் 1938 திசம்பரில் அக்கல்லூரி வளாகத்தில் கூடிய அனைத்துலக மறைப்பணி மன்ற மாநாடு பற்றிய நூல்களே குவியும். வேடிக்கை யாதெனில், அம்மாநாட்டின் ஏழு தொகுதிகள் 1939இல் 'மதராஸ் வரிசை' என்னும் பெயரில் வெளியிடப்பட்டன. தாம்பரம் என்று தேடுவோருக்கு மாநாட்டைப் பற்றிய பிற்கால ஆராய்ச்சிகள் கிட்டும், மாநாட்டின் ஆவணங்கள் தப்பிவிடும். நிருவாக ஆவணங்களைத் தேடுவோர்க்கு இன்னொரு கண்ணியும் உண்டு. தாம்பரம் 1997 வரை செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பின் காஞ்சிபுரம் மாவட்டமாயிற்று. 2019இல் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டம். சென்னை மாவட்டத்தின் கீழ்த் தேடுவோர்க்குப் பெரிதும் ஏமாற்றமே மிஞ்சும்.

சொல் மாறும், பொருளும் மாறும்

பெயர்களைவிடப் பொருட்சொற்கள் அரியவை. தாம்பரத்துக் காசநோய் மருத்துவமனையின் வரலாற்றை எழுத முனையும் ஆய்வாளர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். 1928இல் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து இங்கே ஒரு சானடோரியத்தை நிறுவினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. (இதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணிதமேதை இராமானுஜன் சிறிது காலம் தங்கிச் சிகிச்சை பெற்றார்.) அவர் பெயரே சௌரிமுத்து, சவுரிமுத்து, சவரிமுத்து எனப் பல வடிவங்களில் எழுதத்தக்கது.

காசநோய் என்னும் சொல்லை இட்டுத் தேடினால் நிகழ்வது கவனிக்கத்தக்கது. அச்சானடோரியம் தோன்றிய காலத்து இதழ்களும் சிறுநூல்களும் அந்நோயை க்ஷயரோகம், சயரோகம், எலும்புருக்கி நோய் என்று குறித்தன. எனவே தேவையானவை வாரா. மறுபுறம் சித்த மருத்துவ நூல்களில் காசம் என்பது இருமல், ஈளை வகை நோய்களைக் குறிக்கும் சொல். எனவே தேவையற்றவை வரும். ஒரே சொல் ஒருபுறம் குறைவாகவும் மறுபுறம் மிகையாகவும் பிழைபடுகிறது. சொல்லின் வரலாற்றை அறிந்தவரே சரியாகத் தேட முடியும் என்பதால், தேடல் என்பது கணினித் திறன் மட்டுமன்று. அது சொற்பொருளியல் பயிற்சியும் ஆகும். தமிழ்த்துறையினர் இப்பணியை நூலகரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவதற்கு ஞாயமில்லை. நிகண்டும் அகராதியும் கற்றவர்கள் அவர்களே.

தமிழின் புணர்ச்சியும் வேற்றுமையும் தேடுகருவிகளுக்குப் பழக்கமற்றவை. தாம்பரம் என்று இட்டால் முழுப்பாடத் தேடலில் தாம்பரத்தில், தாம்பரத்து, தாம்பரத்திலிருந்து ஆகியவை விடுபடும். மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை பெறும் என்னும் இலக்கணம் மென்பொருளுக்குத் தெரியாது. 'தாம்பர' வரை இட்டு உடுக்குறி சேர்த்துத் தேடினால் அனைத்தும் வரும். கூடவே செம்பைக் குறிக்கும் தாம்பரமும் அதன் பற்பமும் செந்தூரமும் வரும். சித்த மருத்துவ நிறுவனம் அமைந்துள்ள ஊரிலே இது தவிர்க்கவியலாத இணைப்புப் போலும்.

பட்டியலில் ஒரு வரி, அலமாரியில் ஆயிரம் கட்டுரை

நூற்பட்டியல் நூலைப் பதிவு செய்கிறது. நூலின் உள்ளடக்கத்தைப் பதிவு செய்வதில்லை. இவ்வெளிய உண்மை இதழ்களில்தான் பெரும் இழப்பாக விளைகிறது. 'மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசின்' 1883இல் தொடங்கியது. ஒரு பட்டியலில் அது ஒரே ஒரு வரி. பெ. சுந்தரம் பிள்ளை தமிழிலக்கியக் காலவரையறை பற்றியும் திருஞானசம்பந்தர் காலம் பற்றியும் எழுதிய ஆங்கிலக் கட்டுரை அவ்விதழில்தான் முதலில் வந்தது. பின்னர் 'தமிழியன் ஆண்டிகுவரி'யில் இடம்பெற்றது. சுந்தரம் பிள்ளையின் பெயரை எத்தனை வடிவங்களில் இட்டாலும், இதழ்த் தலைப்பை மட்டும் தாங்கிய அந்த ஒரு வரி அசையாது. ஆகவே ஆய்வாளர்கள் மறுபதிப்பையே மூலமாகக் கொள்கின்றனர். முதல் வடிவத்துக்கும் மறுபதிப்புக்கும் இடையே ஆசிரியரோ பதிப்பித்தவரோ மாற்றியது எதுவும் உண்டா என்னும் வினா எழுப்பப்படாமலே போகிறது. சூரியநாராயண சாஸ்திரியாரும் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் 1897இல் தொடங்கிய 'ஞானபோதினி'க்கும் நிலை இதுவே.

துண்டறிக்கை, நாடக விளம்பரம், குஜிலிப் பாட்டுப் புத்தகம் ஆகியவற்றின் நிலை இதனினும் கடினம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பிறர் எறிந்தவற்றையும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்தபின் அத்தொகுப்பை மையமாகக் கொண்டு 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு நூலகம் உருவாயிற்று. இத்தகைய சேகரிப்பில் ஆசிரியர் பெயரோ ஆண்டோ இல்லாதவை மிகுதி. அங்கே ஆசிரியர், தலைப்பு என்னும் இரு கதவுகளும் மூடியே இருக்கும். அச்சகப் பெயர், ஊர், வடிவம் ஆகியவற்றின் வழியாக நுழைய வேண்டும்.

இவ்விடத்தில் பழைய அச்சுப் பட்டியல்கள் கணினியைவிடத் துணை செய்வதுண்டு. ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சுநூல் பகுப்புப் பட்டியல், பிரித்தானிய அருங்காட்சியகத்துத் தமிழ் நூல்களுக்குப் பார்னட்டும் போப்பும் 1909இல் தொகுத்த பட்டியல் ஆகியன கையெட்டும் தொலைவில் இருந்தும் மறக்கப்பட்டுள்ளன. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்தின்படி அரசிதழில் காலாண்டுதோறும் வெளியான நூற்பட்டியல்கள் இன்னும் சிறந்தவை. நூலின் பக்க எண்ணிக்கை, விலை, அச்சகம், வெளியான நாள் ஆகியவற்றோடு எத்தனை படிகள் அச்சிடப்பட்டன என்பதையும் அவை தருகின்றன. ஒரு நூல் பரவலாக வாசிக்கப்பட்டதா என்னும் வினாவுக்கு முதற்படி விடை அந்த ஓர் எண்ணில் உண்டு. இன்றைய எந்தத் தேடுபெட்டியும் அதனைத் தருவதில்லை.

மின்னுருவாக்கம் என்னும் நம்பிக்கை

எல்லாம் மின்னுருவாகிவிட்டால் இவ்விடர்கள் தாமே நீங்கும் என்போர் உளர். இந்நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. தமிழ் இணைய நூலகம் இன்று வீட்டிலிருந்தே படிக்கத் தரும் நூல்களுக்காக முந்தைய தலைமுறை ஊர் ஊராக அலைந்தது. ஆயினும் படமாகக் கிடைப்பது வேறு, சொல்லாகத் தேடக் கிடைப்பது வேறு. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட அச்சில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலியன வேறு வடிவில் இருந்தன; ஒளியெழுத்துணரி மென்பொருள்கள் அங்கே எளிதில் இடறும். சொற்பிரிப்பின்றிப் புணர்த்து அச்சிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடையில் அவை மேலும் தடுமாறும்.

பழமை மட்டும் காரணமன்று. ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வகுத்தது. சோத்கங்கா களஞ்சியம் அதனால் வளர்ந்தது. அங்கே உள்ள தமிழ் ஆய்வேடுகளுள் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கோ பொருளற்ற உரோமன் எழுத்துக் கோவையாகவே தெரியும். அண்மைக் காலத்தில் எழுதியவற்றையே தேட முடியாத நிலையில், நூற்றாண்டுக்கு முந்தையவை தேடலில் அகப்படவில்லை என்பதால் அவை இல்லை என்று முடிவு செய்வது எவ்வாறு பொருந்தும்?

துறைகள் செய்யத்தக்கது

இந்திய நூலகவியலின் முன்னோடியான சீ. இரா. அரங்கநாதன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துக் காண்பது. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று அவர் பின்னர் வகுத்த ஐந்தும் பகுப்போருக்காக அமைந்தவை எனினும் தேடுவோருக்கும் உதவும். தாம்பரம் சானடோரியம் என்று ஒரே தொடராகத் தேடுவதைவிட, நோயின் அக்காலப் பெயர் என்ன, நிறுவியவர் பெயர் எத்தனை வடிவங்களில் வரும், ஊர் அப்போது எந்த மாவட்டம், ஆவணம் எந்த அரசுத் துறையில் எழுந்திருக்கும், எந்த ஆண்டு என்று பிரித்துக் கேட்பவர் எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் தடுமாறமாட்டார். அரசாணைகள் அங்கே துறை, எண், நாள் என்னும் ஒழுங்கில் உறங்குகின்றன. திறவுச்சொல்லுக்கு அவை விழிப்பதில்லை.

ஆய்வேட்டோடு ஒரு தேடல் குறிப்பு இணைக்கப்பட வேண்டும். எந்தப் பட்டியல்களில், எந்தச் சொல்வடிவங்களால், எந்த நாளில் தேடப்பட்டது, எவை நேரில் பார்க்கப்பட்டன, எவை அலமாரியில் இல்லை என்பன இரண்டு பக்கங்களில் அடங்கும். இது மேலைநாட்டு வழக்கத்தை இறக்குமதி செய்வதாகாது. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்பு முகவுரைகளில் எந்த ஏட்டுப்பிரதி யாரிடமிருந்து கிடைத்தது, எது குறைப்பிரதி, எது சிதைந்தது என்று எழுதியே நூலை வெளியிட்டார். 1894இன் புறநானூற்றுப் பதிப்பை நம்புவதற்குரிய காரணங்களுள் அதுவும் ஒன்று. ஏட்டுக்கு இருந்த நேர்மை அச்சுக்கும் மின்பதிவுக்கும் வேண்டாமா?

இதனால் நெறியாளரின் சுமை கூடும் என்னும் மறுப்பு எழலாம். சுமை கூடும் என்பது மெய்யே. வாய்மொழித் தேர்வில் "எங்கே தேடினீர்கள்" என்னும் வினாவுக்கு விடையின்றி நிற்கும் மாணவரின் சுமையை நோக்க அது சிறிது. இதைவிட வலுவான மறுப்பு நூலகங்களைப் பற்றியது: பட்டியலைத் திருத்தாமல் பயனரைத் திருத்துவது முறையா? முறையன்று. அட்டைப் பெட்டிக் காலத்தில் பரிதிமாற் கலைஞர் என்னும் அட்டையில் "சூரியநாராயண சாஸ்திரி காண்க" என்று எழுதும் நடைமுறை நூலகவியலின் அடிப்படையாக இருந்தது. கணினிக்கு மாற்றும் அவசரத்தில் முதலில் விடுபடுவன அத்தகைய 'காண்க' அட்டைகளே. அவற்றை மீட்கத் தமிழறிவு வேண்டும். நூலகத்தில் அதற்கெனத் தனிப் பணியிடம் அரிது. ஆகவே இவ்வேலை தமிழ்த்துறைக்கும் நூலகத்துக்கும் பொதுவானது.

முதுகலை மாணவர்களின் ஆய்வுத்திட்டங்கள் இதற்குப் பயன்படலாம். ஏற்கெனவே பலர் எழுதிவிட்ட நாவல் ஒன்றைப் பற்றி மேலும் அறுபது பக்கங்கள் எழுதுவதற்கு மாற்றாக, ஒரு மாணவர் ஓர் இதழின் ஓராண்டுத் தொகுதியை எடுத்து, கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் பெயரின் அச்சிட்ட வடிவம், அவர் இன்று அறியப்படும் பெயர், பக்க எண், பொருட்சொல்லின் அக்கால வடிவமும் இக்கால வடிவமும் என்று அடைவு செய்யலாம். விளம்பரப் பக்கங்களையும் மேலட்டையையும் விடாமல் பதிவு செய்தல் வேண்டும். கட்டும்போது பல நூலகங்களில் அவையே கிழித்து நீக்கப்பட்டன. ஒருங்குறியில் அமைந்த அவ்வடைவு அந்நூலகத்தின் பட்டியலில் இணைக்கப்பட்டால், மாணவரின் பெயர் இருபது ஆண்டுகள் கழித்தும் மேற்கோள் காட்டப்படும். மதிப்பெண் வழங்கும் குழுக்கள் இதனை எழுத்தர் வேலை என ஒதுக்காதிருக்க வேண்டும். இதழ்களின் மதிப்பீட்டாளர்களும், ஒரு கட்டுரை ஆதாரம் இல்லை என்று கூறுமிடத்தில், அதற்குரிய தேடல் விவரத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்பத் தயங்கலாகாது. தொடங்குவதற்குக் 'காலேஜ் மேகசின்' தொகுதிகளும் 'ஞானபோதினி'யும் தக்கவை. தாள் பொடியத் தொடங்கிய தொகுதிகளை முதலில் எடுத்துக்கொள்வது நலம்.